மையம் எங்கே போயிற்று?

‘பியர்’ என்னும் ஆங்கிலச் சொல்லை நிகரானவர், ஒத்தார், சகா என்று பல வகையாகத் தமிழில் சொல்லிப் பார்க்கலாம். ‘பியர்-டு-பியர்’ என்பதைச் ‘சகாவிலிருந்து சகாவுக்கு’ என்று பெயர்த்தால் ஓரளவு பொருள் கிட்டிவிடுகிறது. ஆனால் அச்சொல் கேட்பவர் மனத்தில் எழுப்பும் எதிர்பார்ப்பு அம்மொழிபெயர்ப்பில் முழுமையாக வந்து சேர்வதில்லை. விற்பவரும் வாங்குபவரும் சமமானவர்கள்; அவர்களுக்கு நடுவே வங்கியோ தரகரோ அரசோ இல்லை; ஆகவே அவர்களது கொடுக்கல் வாங்கலைத் தடுக்க எவராலும் இயலாது; எவரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை. இத்தனையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருப்பதாகவே அதைப் பயன்படுத்துவோர் நம்புகிறார்கள். 2008 அக்டோபர் 31 அன்று சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் வெளியான ஒன்பது பக்கக் கட்டுரை பிட்காயினை அறிமுகப்படுத்தியபோது அதன் தலைப்பிலேயே இச்சொல் இருந்தது. பின்னர் வந்த சந்தைகளும் பரிமாற்றத் தளங்களும் கடன் மென்பொருட்களும் அதைத் தம் நெற்றியில் எழுதிக்கொண்டன. கூடவே ‘மையமற்றது’ என்னும் இன்னொரு சொல்லும் ஒட்டிக்கொண்டது.

மையமற்றது என்பது எதிர்மறைச் சொல். ஒரு பொருள் எது அன்று என்று கூறுமேயன்றி எது என்று அது கூறுவதில்லை. இத்தகைய சொற்களிடம் நமக்கு எப்போதுமே சிறிது ஐயம் உண்டு. கட்சி சார்பற்றவர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொள்பவரிடம் காட்டும் அதே எச்சரிக்கையைத்தான் இங்கும் காட்ட வேண்டும் என்று நினைக்கிறோம்.

ஒரு வலைப்பின்னலின் வரைபடத்தை எடுத்து வைத்து, இதோ பாருங்கள், நடுவில் புள்ளியே இல்லை என்று காட்டுவது எளிது. நாம் கேட்க விரும்புவது வேறு. தகராறு வரும் நாளில், திருட்டுப் போகும் நாளில், அரசாணை வரும் நாளில் யாருடைய சொல் நடக்கிறது? அவர் யார் என்பது அந்நாளுக்கு முன்பே பங்கேற்பாளர்களுக்குத் தெரிந்திருந்ததா? கடந்த கால் நூற்றாண்டு வரலாற்றை இக்கேள்விகளோடு படித்தால், மையம் பெரும்பாலான இடங்களில் ஒழியவில்லை, இடம்பெயர்ந்திருக்கிறது என்றே தோன்றுகிறது. பெயர்ந்த இடத்தில் அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. பலகை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மையத்தைவிட இது ஆபத்தானது என்பதே நம் கருத்து. வங்கி ஏமாற்றினால் வங்கியின் வாசலில் போய் நிற்கலாம். வாசலே இல்லை என்று சொல்லப்பட்ட இடத்தில் பணத்தை இழந்தவர் எங்கே போய் நிற்பார்?

பணத்துக்கு முன்னால் பாட்டு வந்தது. 1999-இல் ஷான் ஃபேனிங் தொடங்கிய நாப்ஸ்டரில் பாடல்கள் ஒருவர் கணினியிலிருந்து இன்னொருவர் கணினிக்கு நேராகச் சென்றன. ஆனால் எந்தப் பாடல் யாரிடம் இருக்கிறது என்னும் அட்டவணை நிறுவனத்தின் சேவைக்கணினிகளில் இருந்தது. இசை நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தபோது எங்கே அடிக்க வேண்டும் என்பதில் நீதிமன்றத்துக்குக் குழப்பம் இருக்கவில்லை. 2001 ஜூலையில் நாப்ஸ்டர் நின்றுபோயிற்று. அட்டவணைதான் பலவீனம் என்றால் அட்டவணையையே எடுத்துவிடலாமே என்று சிலர் முன்னரே எண்ணியிருந்தனர். 2000 மார்ச்சில் வந்த நுடெல்லாவில் அட்டவணை இல்லை. ஒவ்வொரு கணினியும் தன் அண்டைக் கணினிகளைக் கேட்கும். அவை தம் அண்டையரைக் கேட்கும். வரைபடத்தில் பார்த்தால் அப்பழுக்கற்ற சமத்துவம். அதே ஆண்டு ஜெராக்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த ஏதான் அதாரும் பெர்னார்டோ ஹூபர்மனும் அதை அளந்து பார்த்தார்கள். பயனர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் எதையும் பகிரவே இல்லை. வந்த விடைகளில் ஏறத்தாழ பாதி, பகிர்ந்தவர்களில் மேல்தட்டு ஒரு விழுக்காட்டினரிடமிருந்து வந்தன. எவரும் ஆணையிடாமல், எவரும் திட்டமிடாமல் ஒரு மையம் தானாகத் திரண்டிருந்தது. சோம்பலும் வசதியும் சேர்ந்தால் போதும், மையம் உருவாகிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நமக்குக் கிடைக்கவில்லை.

சந்தை என்று வரும்போது நாம் சற்று நின்று பார்க்க வேண்டியது ஓப்பன்பஸார். இன்று அதன் பெயரை நினைவில் வைத்திருப்போர் குறைவு. சில்க் ரோட் என்ற மறைவுச் சந்தையை 2013 அக்டோபரில் அமெரிக்கக் காவல்துறை மூடியது. ஒரே உரிமையாளரைக் கைது செய்தால் சந்தையே சாய்ந்துவிடுகிறது என்றால், உரிமையாளரே இல்லாத சந்தையைக் கட்டினால் என்ன என்று கேட்டு அமிர் தாக்கியும் நண்பர்களும் 2014-இல் டொராண்டோவில் நடந்த நிரலாளர் போட்டி ஒன்றில் முன்மாதிரி ஒன்றைச் செய்து காட்டினார்கள். அதன் பெயர் டார்க் மார்க்கெட். பிரையன் ஹாஃப்மன் முதலியோர் அதை எடுத்துக்கொண்டு, இருண்ட பெயரை நீக்கி, ஓப்பன்பஸார் என்று மாற்றி வளர்த்தார்கள். 2016 ஏப்ரலில் அது பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது.

அழகான அமைப்பு அது. கடை விற்பவரின் சொந்தக் கணினியில் இருக்கும். கணக்குத் தொடங்க வேண்டாம், தரகு கிடையாது. வாங்குபவரும் விற்பவரும் தமக்குப் பிடித்த ஒரு மூன்றாமவரை நடுவராக ஒப்புக்கொள்வார்கள்; பணம் மூன்று சாவிகள் கொண்ட ஒரு பெட்டியில் கிடக்கும்; மூவரில் இருவர் கையொப்பமிட்டால்தான் அது திறக்கும். இருவரும் ஒத்துப்போனால் நடுவருக்கு வேலையே இல்லை. சண்டை வந்தால் அவர் ஒருவர் பக்கம் சாய்வார். ஊர்ப் பஞ்சாயத்தைக் கணக்கியலாக மாற்றியது போன்ற இந்த ஏற்பாட்டை எண்ணி நாம் இப்போதும் வியக்கிறோம். நடுவரை இரு தரப்பும் முன்கூட்டியே அறிந்து தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதுதான் இதில் முக்கியமானது.

ஆனால் கடைகளைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி? ஆயிரக்கணக்கான தனிக் கணினிகளில் சிதறிக் கிடக்கும் கடைகளை யாரேனும் ஒருவர் சுற்றி வந்து பட்டியலிட்டால்தான் வாங்க வருபவருக்கு அவை தென்படும். நாப்ஸ்டரிலிருந்து துரத்தப்பட்ட அதே அட்டவணை பின்வாசல் வழியே உள்ளே வந்தது. வளர்ச்சிப் பணிக்கென ஓபி1 என்ற நிறுவனம் அமைக்கப்பட்டது. 2015-இல் யூனியன் ஸ்குவேர் வென்ச்சர்ஸ், ஆண்ட்ரீசன் ஹோரோவிட்ஸ் போன்ற முதலீட்டாளர்கள் பணம் போட்டார்கள். தேடலுக்கும் பணப்பைக்கும் பெரும்பாலோர் அந்நிறுவனத்தின் சேவைக்கணினிகளையே சார்ந்திருந்தனர். தரகு கிடையாது என்பதே கொள்கை என்பதால் நிறுவனத்துக்கு வருமானமும் கிடையாது. 2021 தொடக்கத்தில் அது கடையைக் கட்டியது. மென்பொருளின் மூலநிரல் திறந்தே இருந்தது. எவர் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டலாம். சட்டப்படியோ தொழில்நுட்பப்படியோ சந்தையை எவரும் மூடவில்லை. விளக்கு அணைந்தது, அவ்வளவுதான்.

நம் ஊர் மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவார்கள். பார்ப்பவருக்கு அது இருவருக்கு இடையே மட்டும் நடக்கும் காரியமாகத் தோன்றும். அங்கும் தரகர் உண்டு. சந்தையைக் குத்தகைக்கு எடுத்தவர் உண்டு. நுழைவுக்கு ரசீது போடுபவர் உண்டு. வித்தியாசம் என்னவென்றால் அவர்கள் யார் என்று அங்கே வரும் எல்லோருக்கும் தெரியும். குத்தகைதாரரைத் திட்டலாம். ஓப்பன்பஸாரின் குத்தகைதாரர் தாம் குத்தகைதாரரே அல்லர் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவேளை உண்மையாகவே அப்படி நம்பவும் செய்தார். ஆகவே அவர் போனால் என்ன ஆகும் என்று எவரும் கேட்டு வைக்கவில்லை.

ஹெல்சிங்கியில் 2012-இல் பிறந்த லோக்கல்பிட்காயின்ஸ் இன்னும் எளிமையானது. இருவர் ஒரு காபிக் கடையில் சந்தித்து, ஒருவர் ரொக்கத்தை நீட்ட இன்னொருவர் நாணயத்தை அனுப்புவார். இதைவிட நேரான சகா வணிகம் வேறு இருக்க முடியாது. நாணயம் மட்டும் அதுவரை நிறுவனத்தின் பொறுப்பில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். பின்லாந்தில் 2019-இல் மெய்நிகர் நாணயச் சேவைகளுக்கான சட்டம் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு ஜூன் மாதம் நேரில் ரொக்கம் கொடுத்து வாங்கும் வழி ஒரே நாளில் தளத்திலிருந்து மறைந்தது. 2023 பிப்ரவரியில் நிறுவனமே மூடுவிழா அறிவித்தது. உலகின் எந்தெந்த மூலையிலோ நேருக்கு நேர் சந்தித்துக்கொண்டிருந்த மனிதர்களின் சந்திப்பு ஹெல்சிங்கியில் எடுக்கப்பட்ட ஒரு முடிவால் நின்றது.

இந்தியாவில் இச்சொல் எப்படிப் புழக்கத்துக்கு வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2018 ஏப்ரலில் இந்திய ரிசர்வ் வங்கி, மெய்நிகர் நாணயத் தொழிலில் உள்ளோருக்குச் சேவை அளிக்கக்கூடாது என வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. பரிமாற்ற நிறுவனங்களின் வங்கிக் கணக்குகள் அடைபட்டதும் அவை சகா வணிகத்துக்குத் தாவின. ரூபாய் ஒருவர் வங்கிக் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்கு நேராகச் செல்லும். நாணயம் நிறுவனத்தின் பிடியில் இருந்து கைமாறும். 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அச்சுற்றறிக்கையைச் செல்லாது என்று தீர்ப்பளித்த பிறகும் இவ்வழக்கம் தொடர்ந்தது. இதில் சகாவுக்குக் கிடைத்தது என்ன? எதிரில் இருப்பவர் யார், அவர் அனுப்பும் ரூபாய் எங்கிருந்து வந்தது என்பது எதுவும் விற்பவருக்குத் தெரியாது. அந்த ரூபாய் யாரோ ஒருவரை ஏமாற்றிப் பறித்ததாக இருந்தால், இணையக் குற்றப் பிரிவிலிருந்து கடிதம் விற்பவரின் வங்கிக்குப் போகும், கணக்கு முடக்கப்படும். தாம் எந்தக் குற்றமும் செய்யவில்லை என்று முன்பின் அறியாத மாநிலத்தின் காவல் நிலையத்துக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டியவர் அவர். மையத்தின் அதிகாரம் நிறுவனத்திடம் இருந்தது. அபாயம் மட்டுமே சகாக்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. நமக்கு இதுதான் எல்லாவற்றிலும் கொடுமையான பரவலாக்கமாகப் படுகிறது. 2023 டிசம்பரில் இந்திய நிதிப் புலனாய்வுப் பிரிவு பைனான்ஸ் உள்ளிட்ட ஒன்பது வெளிநாட்டு நிறுவனங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அடுத்த மாதமே அவற்றின் தளங்கள் இந்தியாவில் முடக்கப்பட்டன. சகாக்கள் இரு முனையிலும் அப்படியேதான் இருந்தார்கள். நடுவில்தான் எதுவோ இல்லாமல் போயிற்று.

இவையெல்லாம் நிறுவனங்கள், உண்மையான மையமற்ற பரிமாற்றம் வேறு என்று விவரமறிந்தோர் சொல்வார்கள். அவர்கள் சுட்டுவது எதீரியத்தின் மேல் இயங்கும் நிரல் சந்தைகளை. அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. தொடக்கத்தில் வந்த ஈதர்டெல்டாவில் பணம் நிரலில் இருந்தது, ஆனால் யார் என்ன விலைக்கு விற்கிறார் என்னும் பட்டியல் ஒரு வலைத்தளத்தில் இருந்தது; 2018 நவம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் அதை நிறுவியவரைத் தேடி வந்து அபராதம் விதித்தது. அதே மாதம் ஹேடன் ஆடம்ஸ் வெளியிட்ட யூனிஸ்வாப்பில் அப்பட்டியலே கிடையாது. இரண்டு நாணயங்களின் குவியல் ஒன்று; அவற்றின் அளவுகளின் பெருக்கற்பலன் மாறாமல் இருக்க வேண்டும் என்னும் பள்ளிக்கூடச் சமன்பாடு ஒன்று. விலையை அச்சமன்பாடே சொல்லிவிடும். ஒருமுறை ஏற்றப்பட்ட அதன் தொடக்ககால நிரல்களை எழுதியவராலும் திருத்த இயலாது. மனிதக் கை படாத சந்தை என்று சொல்லத்தக்க ஒன்று இருக்குமானால் இதுதான்.

ஆயினும் மனிதர்கள் சமன்பாட்டோடு நேராகப் பேசுவதில்லை. ஒரு வலைப்பக்கத்தோடு பேசுகிறார்கள். அந்தப் பக்கம் யூனிஸ்வாப் லேப்ஸ் என்னும் நியூயார்க் நிறுவனத்துக்குச் சொந்தம். 2021 ஜூலையில் நூற்றுக்கும் மேற்பட்ட டோக்கன்களை அது தன் பக்கத்திலிருந்து நீக்கியது. 2022 ஆகஸ்டில் டொர்னேடோ கேஷ் மீது அமெரிக்க நிதித் துறை தடை விதித்தபோது, அதனோடு தொடர்புடைய முகவரிகளைப் பல ‘மையமற்ற’ சேவைகளின் முகப்புப் பக்கங்கள் மறுத்தன. (அத்தடை 2025 மார்ச்சில் விலக்கப்பட்டது.) 2023 அக்டோபரில் யூனிஸ்வாப்பின் முகப்பு 0.15 விழுக்காடு கட்டணமும் வாங்கத் தொடங்கியது. முகப்புக்கும் பின்னால் இன்னொரு அடுக்கு இருக்கிறது. பெரும்பாலான பணப்பைகள் எதீரியத்தோடு பேசுவதற்கு இன்ஃபுரா போன்ற சில நிறுவனங்களின் கணினிகள் வழியாகவே செல்கின்றன. 2020 நவம்பர் 11 அன்று இன்ஃபுரா சில மணி நேரம் முடங்கியபோது மெட்டாமாஸ்க் பணப்பை பலருக்குத் தடுமாறியது. பெரும் பரிமாற்ற நிறுவனங்கள் எதீரியம் எடுப்பதை நிறுத்தி வைத்தன. ஆயிரக்கணக்கான கணினிகளில் பரவியிருப்பதாகச் சொல்லப்பட்ட சங்கிலி அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதைக் காணும் சன்னல்தான் மூடிவிட்டது.

முகப்பு வேண்டாம் என்றால் நிரலோடு நேராகப் பேசுங்கள், எவரும் தடுக்க இயலாது என்பது வழக்கமான விடை. வாயிற்கதவைப் பூட்டிவிட்டு, மதிலேறிக் குதிக்கத் தெரிந்தவருக்கு வீடு திறந்தேதான் இருக்கிறது என்பது போன்றது அது. குதிக்கத் தெரிந்தவருக்கு அது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. மற்றவருக்கு அது வெறும் மதில்.

அந்தச் சந்தையில் எதை வாங்கி எதை விற்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு பக்கத்து நாணயம் பெரும்பாலும் டாலருக்கு நிகரான டோக்கனாகவே இருக்கிறது. அதை வெளியிடும் நிறுவனங்கள், டெத்தரும் சர்க்கிளும், எந்த முகவரியில் உள்ள டோக்கனையும் உறையவைக்கும் அதிகாரத்தை நிரலிலேயே எழுதி வைத்திருக்கின்றன. டொர்னேடோ கேஷ் தடை வந்தவுடன் சர்க்கிள் சுமார் 75,000 டாலரை உறையவைத்தது. மையமற்ற தராசில் மையமுள்ள படிக்கல்லை வைத்து நிறுப்பது போன்ற காட்சி இது.

அப்படியானால் பிட்காயின்? அதன் வரலாற்றில் ஒரு மார்ச் மாத இரவை நாம் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. 2013 மார்ச் 11, 12 தேதிகளுக்கு இடைப்பட்ட இரவு அது. மென்பொருளின் 0.8 பதிப்புக்கு மாறியவர்கள் ஒரு தொகுப்பை ஏற்றுக்கொண்டார்கள்; பழைய பதிப்பில் இருந்தவர்களின் தரவுத்தளம் அதைச் செரிக்க முடியாமல் நிராகரித்தது. சங்கிலி இரண்டாகப் பிளந்தது. எந்தச் சங்கிலியில் அதிக உழைப்பு ஏறியிருக்கிறதோ அதுவே உண்மை என்பதுதான் நகமோட்டோ வகுத்த விதி. அவ்விதிப்படி புதிய பதிப்பின் சங்கிலி வென்றுகொண்டிருந்தது. ஆனால் பழைய பதிப்பில் இருப்பவர்களைக் கைவிட முடியாது என்று முடிவு செய்த சில நிரலாளர்கள், அரட்டை அறையில் கூடி, பிடிசி கில்டு முதலிய பெரிய சுரங்கக் குழுக்களை நடத்துவோரைப் பழைய பதிப்புக்குத் திரும்பக் கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் சம்மதித்தார்கள், தமக்குச் சேர வேண்டிய வெகுமதி நாணயங்களை இழந்துமே சம்மதித்தார்கள். சில மணி நேரத்தில் பழைய சங்கிலி முந்தியது, பிளவு மூடியது.

அவர்கள் செய்தது சரிதான் என்றே நாம் கருதுகிறோம். பொறுப்புணர்வோடும் திறமையோடும் நடந்துகொண்டார்கள். ஆனால் அன்றிரவு உலகின் பிட்காயின் கணக்கேடு எது என்பதை முடிவு செய்தது சமன்பாடு அன்று. ஒருவரையொருவர் அறிந்த, ஒருவரை ஒருவர் உடனே அழைக்க முடிந்த ஒரு சிறு வட்டம். அவ்வட்டத்தை எவரும் தேர்ந்தெடுக்கவில்லை. அடுத்த முறை அவ்வட்டம் வேறு விதமாக முடிவெடுத்தால் எங்கே முறையிடுவது என்பதும் எங்கும் எழுதப்படவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து எதீரியத்தில் இது பகிரங்கமாகவே நடந்தது. 2016 ஜூனில் ‘த டாவோ’ என்னும் முதலீட்டு நிரலின் ஓட்டை வழியே சுமார் 36 லட்சம் ஈதர் களவு போனது. ஜூலை 20 அன்று வரலாற்றையே திருத்தி எழுதிப் பணம் மீட்கப்பட்டது. திருத்த மறுத்தவர்கள் எதீரியம் கிளாசிக் என்று தனிச் சங்கிலியாகப் போனார்கள். பிரிந்துபோகும் உரிமை அங்கே மெய்யாகவே இருந்தது என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும். வங்கி வாடிக்கையாளர் எவரும் வங்கியின் கணக்கேட்டைப் பிரதியெடுத்துக்கொண்டு தனியே போய்விட முடியாது.

பரவலாக்கம் என்பதே பொய் என்று நாம் சொல்ல வருவதாக எவரும் எண்ண வேண்டாம். அதை மறுக்கும் வலுவான சான்று பிஇசட்எக்ஸ் என்னும் கடன், வணிக மென்பொருளின் கதையிலேயே இருக்கிறது. அதன் எதீரியக் கிளையின் கட்டுப்பாடு டோக்கன் வைத்திருப்போரின் வாக்கெடுப்புக்கு ஒப்படைக்கப்பட்டிருந்தது. பாலிகன், பைனான்ஸ் சங்கிலிகளில் இருந்த கிளைகளின் சாவி இன்னும் நிரலாளரிடமே இருந்தது. 2021 நவம்பரில் ஒரு நிரலாளர் தமக்கு வந்த மின்னஞ்சலின் இணைப்பைத் திறந்தார், அது தூண்டில். அவரிடமிருந்த சாவிகள் களவு போயின, சுமார் 5.5 கோடி டாலர் மதிப்புள்ள மக்கள் பணமும் போயிற்று. எதீரியக் கிளைக்கு ஒன்றும் ஆகவில்லை. மெய்யாகவே பரவலாக்கப்பட்டிருந்த இடம் காப்பாற்றப்பட்டது. பரவலாக்கப்பட்டதாகப் பேச்சில் மட்டும் இருந்த இடம் கொள்ளை போனது.

கதை அத்தோடு முடியவில்லை. அதை நிறுவியவர்கள், கட்டுப்பாட்டை வாக்காளர் கூட்டத்திடம் ஒப்படைத்துவிட்டால் சட்டத்தின் கை எட்டாது என்று தம் ஆதரவாளர்களுக்கு வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்கள். ஊக்கி டாவோ என்று பெயரும் மாற்றிக்கொள்ளப்பட்டது. 2022 செப்டம்பரில் அமெரிக்கச் சரக்கு முன்பேர வணிக ஆணையம் நிறுவியவர்களிடம் 2,50,000 டாலர் அபராதத்தில் சமரசம் செய்துகொண்டு, அந்தக் கூட்டத்தின் மீது தனி வழக்குத் தொடுத்தது. முகவரியே இல்லாத அமைப்புக்கு அழைப்பாணையை எங்கே கொடுப்பது? அதன் தளத்திலிருந்த உதவி அரட்டைப் பெட்டியில் போட்டார்கள். விவாதப் பலகையில் ஒட்டினார்கள். அது போதும் என்றது நீதிமன்றம். எவரும் வந்து வாதாடவில்லை. 2023 ஜூனில், அந்த அமைப்பு சட்டப்படி ஒரு ‘நபர்’ என்று கொண்டு 6,43,542 டாலர் அபராதமும் தளத்தை மூடும் ஆணையும் பிறந்தன. பணம் பறிகொடுத்தோர் தொடுத்த இன்னொரு வழக்கில், வாக்குரிமை டோக்கன் வைத்திருந்தவர்களைக் கூட்டாளிகளாகக் கருதி வழக்கு நடத்த இடமுண்டு என்று 2023 மார்ச்சில் சான் டியேகோ நீதிமன்றம் கூறியது. கூட்டாளி என்றால் கூட்டுக் கடனுக்கும் பொறுப்பாளி. நூறு டாலருக்கு டோக்கன் வாங்கி, ஏதோ ஒரு தீர்மானத்துக்குப் பொழுதுபோகாமல் ‘ஆம்’ என்று அழுத்திய ஒருவருக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று வாசகர் எண்ணிப் பார்க்கலாம். மையம் இல்லை என்று சொல்லிச் சேர்த்துக்கொள்ளப்பட்டவர், கடைசியில் தாமே மையத்தின் ஒரு துண்டு என்று அறிய நேர்கிறது.

இதே அளவுகோலில் பிஸ்க் என்னும் மென்பொருளையும் நிறுத்துப் பார்த்தோம். 2014 முதல் உருவாகி வந்த இதற்கு வலைத்தள முகப்பு இல்லை. ஒவ்வொருவரும் தம் கணினியில் நிறுவிக்கொள்ள வேண்டும். செய்திகள் டோர் வழியே செல்லும். பணம் வாங்குபவர், விற்பவர் இருவரின் கூட்டுக் கையொப்பத்தில் கிடக்கும். இரு தரப்பும் பிணைத்தொகை கட்ட வேண்டும். 2020 ஏப்ரலில் இதன் நிரலிலும் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு, சுமார் 3 பிட்காயினும் 4,000 மொனெரோவும் திருடப்பட்டன. நிரலாளர்கள் ‘எச்சரிக்கைச் சாவி’ என்ற ஒன்றைப் பயன்படுத்தி வணிகத்தை நிறுத்தினார்கள். ஆக, இங்கும் ஒரு சாவி இருந்தது! ஆனால் அப்படியொரு சாவி இருப்பதை அவர்கள் மறைக்கவில்லை. அதன் ஆணையைப் பயனர் தம் கணினியில் மீற முடியும் என்பதையும் அப்போதே சொன்னார்கள். மீற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். இழந்தவர்களுக்கு வருங்கால வருவாயிலிருந்து ஈடு செய்யும் திட்டத்தையும் முன்வைத்தார்கள். நாம் பார்த்தவற்றுள், தன் மையம் எங்கே இருக்கிறது, அது எவ்வளவு தூரம் எட்டும், அதை எப்படி மீறுவது என்று தானே சொன்ன சந்தை இதுவாகத்தான் இருக்கிறது.

அதற்கு அவர்கள் கொடுக்கும் விலையும் கண்ணுக்குத் தெரிகிறது. பிஸ்கில் ஒரு கைமாற்றம் முடிய மணிக்கணக்காகும். சில கட்டண முறைகளில் நாட்கணக்கும் ஆகலாம். பிட்காயின் வாங்க வருபவரிடமே பிணைக்கெனக் கொஞ்சம் பிட்காயின் முன்கூட்டி இருக்க வேண்டும். கணினியை அணைத்துவிட்டால் நம் விலைப்பட்டியல் பிறர் கண்ணுக்குத் தெரியாது. சாவியைத் தொலைத்தால் எடுத்துத் தர ஆளில்லை. பெருநிறுவனங்களில் ஒரு நொடியில் நடக்கும் வணிகத்தின் அளவோடு இதன் ஒரு நாள் வணிகத்தை ஒப்பிடவே முடியாது. மக்கள் கணக்குப் பார்த்துத்தான் போகிறார்கள். பெரும்பாலோர் மறுபக்கம் போகிறார்கள், அங்கே மாட்டியிருக்கும் ‘சகாவிலிருந்து சகாவுக்கு’ என்னும் பலகையையும் படித்துக்கொண்டே.